எழுநூறைத் தாண்டும்வரை

அக்டோபர் 12

மூன்றாவது நாளாக மழை. மாடியில் கட்டிய கொடிகளுக்கு வேலையே இல்லை. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே காயப்போட்ட விரிப்புகளில் பாதி வாடை அடித்துப்போய், மறுபடியும் தொட்டிக்கே போயின. நசீர் பாய் லாட்ஜிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்காக எங்கெங்கிருந்தோ வந்து தங்குகிறவர்கள், ஈரப் படுக்கையில் எப்படிப் படுப்பார்கள் என்று பாய் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. வெயிலுக்குப் பேர்போன வேலூரில் சலவைக்காரி நான் வெயிலுக்கு ஏங்குகிறேன்.

துணி உலர்த்தும் டிரையருக்குக் கேட்ட கடன் கிடையாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். கடன் பிரிவில் புதிதாக வந்திருக்கும் இளவழகன் சார் சின்ன வயசுக்காரர். பாவம், சொல்லக் கூச்சப்பட்டுக் கம்ப்யூட்டரையே என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் வீட்டுக்காரர் ஆட்டோ வாங்கிய கடனில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் இறந்த பிறகு வசூலுக்கு வந்தவர்கள், பாதியைக் கட்டினால் போதும், கணக்கை முடித்துத் தருகிறோம் என்றார்கள். கட்டினேன். முடிந்தது என்று காகிதமும் கொடுத்தார்கள். அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது பார்த்தால், பாதி கட்டி முடித்தது என்பது வங்கிக் கணக்கில் கட்டாமல் விட்டதற்குத் தம்பி முறையாம். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று போடும் மார்க்குதான் சிபில் ஸ்கோராம், எனக்கு அது அறுநூறைக்கூடத் தொடவில்லை. எழுநூறைத் தாண்டினால்தான் மேலே பேசவே முடியும் என்றார்.

ஒரு வழியும் சொன்னார். வங்கியில் ஒரு தொகையை டெபாசிட்டாகப் போட்டால், அதை ஈடாக வைத்துக்கொண்டு கிரெடிட் கார்டு தருவார்களாம். யாருக்கும் தருவார்களாம், ஸ்கோரே பார்க்க மாட்டார்களாம். அதில் சோப்பும் பிளீச்சிங்கும் வாங்கி, மாதாமாதம் தேதி தவறாமல் முழுசாகக் கட்டி வந்தால், ஒரு வருஷத்தில் நல்ல பேர் வந்துவிடுமாம். செலவையெல்லாம் எழுதி வையுங்கள் என்றார். மருந்துக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். சோப்புக் கணக்கு எழுத உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 17

யோசித்துப் பார்த்துப் போட்டுவிட்டேன். ஒரு லட்சம்.

என் பணம் என்றால் என் பணம்தான். வீட்டுக்காரரின் இன்சூரன்ஸில் மிஞ்சியது. மோனிஷாவின் படிப்புக்கென்று ஒதுக்கியிருந்தேன். அவள் இப்போதுதான் பன்னிரண்டாவது. கல்லூரிக்கு அடுத்த ஜூன் வரை நேரம் இருக்கிறது. அதற்குள் ஸ்கோர் ஏறிவிட்டால் அவள் படிப்புக்கே கடன் வாங்கலாம், பெற்றவர்களின் ஸ்கோரைத்தான் அதற்கும் பார்க்கிறார்கள் என்று சார் சொன்னார். அப்போது டிரையரும் வரும், படிப்பும் நடக்கும், டெபாசிட்டும் அப்படியே இருக்கும்.

மோனிஷாவிடம் சொன்னேன். சரிம்மா என்றாள். வேதியியல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 3

கார்டு வந்தது. நீல நிறம். என் பெயரை ஆங்கிலத்தில் மேடாகப் பதித்திருக்கிறார்கள். விரலால் தடவிப் பார்த்தேன். கஸ்தூரி அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்துவிட்டு, இதற்காகவா ஒரு லட்சம் என்றாள். நான் தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து அவள் என்கூட இருக்கிறாள். இயந்திரத்தில் போட்டுத் துவைப்பது நான், அலசிப் பிழிந்து மாடி ஏற்றுவது அவள். அவளுக்கு விளக்கிச் சொன்னேன். என் பணத்தை வங்கிக்காரன்கிட்டக் கொடுத்து, அந்தப் பணத்தையே அவன்கிட்டக் கடனாக வாங்கி, திருப்பிக் கட்டி, நான் யோக்கியம் என்று காட்ட வேண்டும். சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

எண்பதாயிரம் வரை எடுக்கலாம். ஆனால் கால் பங்குக்கு மேல் தொடாதீர்கள் என்று சார் சொல்லியிருக்கிறார். கையில் இருந்தும் தொடாமல் இருக்கிறோமா என்று பார்ப்பார்களாம்.

முதல் செலவு: சலவைத்தூள் இரண்டு மூட்டை, பிளீச்சிங் ஒரு கேன்.

டிசம்பர் 5

புயல் மழை. தண்ணீர் தெருவில் நின்றது. நான் துணி எடுக்கும் நான்கு லாட்ஜில் ஒன்று போய்விட்டது. காட்பாடியில் பெரிய சலவை நிலையம் திறந்திருக்கிறார்கள், எல்லாம் இயந்திரம், காலையில் எடுத்து மாலையில் கொடுக்கிறார்கள். மற்ற மூன்று லாட்ஜும் இருக்கின்றன. நசீர் பாய் இருக்கிறார்.

பில் வந்த அன்றே கட்டிவிட்டேன். கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

ஜனவரி 21

ஸ்கோர் அறுநூற்றுப் பதினெட்டு. மோனிஷா அவள் போனில் பார்த்துச் சொன்னாள். பொங்கலுக்குப் புதுத்துணி எடுக்கவில்லை, அதற்கும் சேர்த்து இதுதான் என்றேன். அவள் போனை என் பக்கம் நீட்டி ஸ்கோர் வட்டத்தில் பச்சைப் பக்கம் போகும் முள்ளைக் காட்டினாள். கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

பிப்ரவரி 16

இந்த வாரம் கஸ்தூரி அக்காவுக்குப் பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது. லாட்ஜ் பணம் வரத் தாமதம், கார்டு பில் தேதி வந்துவிட்டது. அக்கா புரிந்துகொள்வாள். பில் ஒரு நாள் தவறினாலும் எழுதிவிடுவார்கள். அக்கா எழுத மாட்டாள்.

மார்ச் 10

வெயில் வந்துவிட்டது. விரிப்புகள் ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்கின்றன. மோனிஷா பரீட்சைக்கு நடுவிலும் மாடியேறி மடித்துக் கொடுக்கிறாள். நசீர் பாய் லாட்ஜில் அசாமிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு இவள் துணைக்குப் போய், ஸ்கேன் எடுக்கும் அறையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாளாம். அன்றிலிருந்து ஒரே பேச்சு. அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் டாக்டர் இல்லையாம், அதற்குத் தனிப் படிப்பாம். உள்ளே இருக்கிறது அவங்களுக்குத்தாம்மா முதல்ல தெரியும் என்றாள். நோயாளியின் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லக்கூடாது என்பது விதியாம். அது உனக்கு வரும் என்றேன்.

ஏப்ரல் 18

அறுநூற்று எழுபத்தொன்று.

சாருக்கு ஒரு டஜன் மாம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். வாங்கிக்கொள்ளவில்லை. இப்படியே போனால் ஜூனில் எழுநூறு என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. எல்லாமே நல்ல சகுனமாகப் பட்டது.

மே 9

மோனிஷா நல்ல மதிப்பெண். அவள் கேட்ட ஸ்கேன் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. இன்று துவைக்கும் இயந்திரத்தின் மோட்டார் எரிந்துவிட்டது. புகை வந்தது. மெக்கானிக் கையை விரித்துவிட்டான், புதுசுதான் போட வேண்டுமாம்.

மே 11

மோட்டாரைக் கார்டில் போட்டேன். வேறு வழியில்லை. மூன்று லாட்ஜின் துணியையும் கையால் துவைக்க எங்களால் ஆகாது. கூடவே சோப்பும் தீர்ந்திருந்தது. கால் பங்கைத் தாண்டிவிட்டது என்று தெரியும். ஏறக்குறைய முழுசும். ஆனால் தேதிக்குள் கட்டிவிடுவேன், அதுதானே முக்கியம்.

ஜூன் 1

கட்டிவிட்டேன். ஒரு ரூபாய் பாக்கி இல்லை. வளையலை அடகு வைத்தேன். கஸ்தூரி அக்காவுக்கு மூன்று வாரச் சம்பளம் நிற்கிறது.

ஜூன் 14

மோனிஷாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. காட்பாடிப் பக்கத்துக் கல்லூரி, பஸ்ஸிலேயே போய்வரலாம். முதல் வருஷத்துக்கு எண்பத்தைந்தாயிரம். கடிதத்தைக் கொண்டுபோய்க் கல்விக் கடனுக்குக் கொடுத்தேன்.

ஜூன் 19

ஸ்கோர் இறங்கிவிட்டது. அறுநூற்று நாற்பது.

நான் முழுசாகக் கட்டியிருக்கிறேன், ரசீதைக் காட்டினேன். இளவழகன் சார் அதைப் பார்க்கவே இல்லை. "நீங்க கட்டினது சரிதான் மேடம். ஆனா பில் போட்ட அன்னைக்கு முக்காலே மூணு வீசம் எடுத்திருந்தீங்கன்னுதான் ஸ்கோர் போடற இடத்துக்குப் போகுது. கைக்கு நெருக்கடின்னு அது எடுத்துக்கும்."

எது எடுத்துக்கொள்ளும் என்று கேட்டேன். கம்ப்யூட்டரைக் காட்டினார். நெருக்கடி இருந்ததே, அதனால்தானே எடுத்தேன், கட்டியும் விட்டேனே என்றேன். இரண்டு மூன்று மாதத்தில் தானாகச் சரியாகிவிடும் என்றார். கல்விக் கடன் இப்போது மேலிடத்தில் தேறாதாம்.

மோனிஷாவிடம் இரண்டு மூன்று மாதத்தில் என்பதை மட்டும் சொன்னேன்.

ஜூன் 23

பணம் கட்டக் கடைசித் தேதி நாளை மறுநாள். நசீர் பாய் பத்தாயிரம் முன்பணம் தருகிறேன் என்றார். பத்தாயிரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வேண்டாம் என்றுவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே மோனிஷா கேட்டாள்.

"அம்மா, அந்த டெபாசிட்ட எடுத்தா நாளைக்கே கட்டிடலாம்ல?"

அவளுக்குப் பொறுமையாகச் சொன்னேன். டெபாசிட்டை எடுத்தால் கார்டை மூடிவிடுவார்கள். எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்த பேர் அதோடு போகும். அக்டோபரில் மறுபடி மழை வரும், டிரையர் இல்லாவிட்டால் இந்த மூன்று லாட்ஜும் போய்விடும். அப்புறம் இரண்டாம் வருஷப் பணத்தை எங்கிருந்து கட்டுவது? ஒரே ஒரு வருஷம் பொறுத்தால் எல்லாம் நடக்கும். அடுத்த ஜூனில் நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கிறேன்.

தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றாள்.

"அது எனக்குன்னு வெச்ச பணம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. துணி காய்ந்திருக்கும் என்று மாடிக்குப் போய்விட்டாள். பிடிவாதம் பிடிக்கிற பெண் இல்லை அவள். சொன்னால் புரிந்துகொள்வாள்.

ஜூன் 25

துணி அதிகம். எழுத நேரமில்லை.

ஜூலை 8

மோனிஷாவின் பள்ளித் தோழி ஒருத்தி ஓசூர்ப் பக்கம் போன் பாகம் செய்கிற கம்பெனியில் சேர்ந்திருக்கிறாளாம். தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்களே. இவளும் போகிறேன் என்கிறாள். சும்மா வீட்டில் இருப்பதற்கு ஒரு வருஷம் போய்வரட்டுமே. கையில் நாலு காசு சேரும், அடுத்த வருஷப் படிப்புக்கு ஆகும்.

ஜூலை 15

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னலோர இடம். சர்டிபிகேட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள், பத்தாவது, பன்னிரண்டாவது, சாதிச் சான்று, பிறந்த சான்று எல்லாம். ஒரு வருஷத்துக்கு எதற்கு அத்தனையும் என்று கேட்டேன். கம்பெனியில் கேட்பாங்க என்றாள். இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து பில் கட்டினேன்.

ஆகஸ்ட் 20

அறுநூற்று எழுபத்தாறு. போனை நானே பார்க்கக் கற்றுக்கொண்டேன். மோனிஷா போனில் சொல்லிக்கொடுத்தாள். எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எங்கே கீழே இழுக்க வேண்டும் என்று. சாப்பாடு எப்படி என்று கேட்டால் நல்லாருக்கும்மா என்கிறாள். என்ன குழம்பு என்று கேட்டால் அதுவும் நல்லாருக்கும்மா என்கிறாள்.

செப்டம்பர் 6

கஸ்தூரி அக்கா நின்றுவிட்டாள்.

இந்த வாரமும் பாதிதான் கொடுக்க முடியும் என்றேன். பில் கட்டியபின் மீதி எடுத்துத் தருகிறேன், இன்னும் கொஞ்ச நாள்தான், ஸ்கோர் ஏறிக்கொண்டே வருகிறது என்று போனைக் காட்டினேன். அவள் போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"இன்னா வசு, பேங்க்காரங்கிட்ட நல்ல பேரு வாங்கறதுக்கு எங்கிட்ட கெட்ட பேரு வாங்கிக்கினு கீறியே."

சத்தம் போடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொட்டியில் இருந்ததை அலசி முடித்து, மாடியில் காயப்போட்டுவிட்டுத்தான் போனாள். காட்பாடிக்காரர்கள் ஆள் எடுக்கிறார்களாம். மாதச் சம்பளம், முதல் தேதியே.

பில்லைத் தேதிக்கு முன்னால் கட்டிவிட்டேன்.

செப்டம்பர் 27

தனியாக அலசி, தனியாக மாடியேற்றுகிறேன். ஈர விரிப்பு வாளி இவ்வளவு கனம் என்று இத்தனை வருஷம் தெரியவில்லை. இன்னொரு லாட்ஜும் போய்விட்டது. அதுவும் நல்லதுதான், இருக்கிற இரண்டை ஒழுங்காகச் செய்யலாம்.

அக்டோபர் 19

மழை. நேற்றைய துணி காயவில்லை, முந்தாநாள் துணியும் காயவில்லை.

நசீர் பாய் ஆளை அனுப்பாமல் தானே வந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. காட்பாடியில் பேசிவிட்டாராம். "நான் இன்னாம்மா பண்றது, நோயாளிங்க தங்கற எடம். ஒரு பாட்டிக்கு ஈர விரிப்புல சளி புடிச்சிக்கிச்சு." பழைய பாக்கியை எண்ணி என் கையில் கொடுத்தார். மோனிஷா படிக்கிறாளா என்று கேட்டார். அடுத்த வருஷம் சேருகிறாள் என்றேன்.

டிரையர் வந்தால் மறுபடி வருவீர்களா என்று கேட்டேன். பார்க்கலாம்மா என்றார். நசீர் பாய் பார்க்கலாம் என்றால் பார்ப்பார். வெறும் பேச்சுக்குச் சொல்கிறவர் இல்லை.

நவம்பர் 2

மிச்சமிருந்த ஒரு லாட்ஜ்காரர் போனிலேயே சொல்லிவிட்டார்.

நவம்பர் 4

வீட்டுத் துணி மட்டும் துவைத்தேன்.

நவம்பர் 21

எழுநூற்று ஆறு.

கண்ணாடி போட்டு மறுபடி பார்த்தேன். எழுநூற்று ஆறுதான். முள் பச்சையில் நிற்கிறது. மோனிஷாவுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. ஷிப்ட் நேரமாக இருக்கும். கீழே இறங்கிப் போய் வாசலில் நின்றேன். கீரைக்காரி வந்தாள். ஒரு கட்டு வாங்கிக்கொண்டு, எழுநூறு வந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். மாசத்துக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றுவிட்டேன்.

டிசம்பர் 3

வங்கிக்குப் போனேன். இளவழகன் சார் எழுந்து நின்று கை கொடுத்தார். டீ வரவழைத்தார். பழைய கறை இருந்தும் ஒரு வருஷத்தில் இப்படி ஏற்றியவர் இந்தக் கிளையில் நான்தானாம், வேறு வாடிக்கையாளர்களிடம் என்னைச் சொல்லிக்காட்டுகிறாராம். டிரையர் கடன் கிடைக்கும் என்றார். போன வருஷ வரவு செலவை எடுத்துப் பார்த்தார், லாட்ஜ்களிலிருந்து வந்த பணம் எல்லாம் அதில் இருந்தது. இப்போது எத்தனை லாட்ஜ் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டிரையர் வந்தால் அவர்களும் வரத்தானே போகிறார்கள்.

இன்னொன்றும் சொன்னார். இனி எனக்கு டெபாசிட் இல்லாமலே கார்டு தருவார்களாம். அந்த ஒரு லட்சத்தை நான் எடுத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 8

ஞாயிற்றுக்கிழமை, மோனிஷாவுக்கு விடுமுறை. போன் எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், எழுநூற்று ஆறு, கடன், டெபாசிட். பணம் கைக்கு வந்துவிட்டது, ஜூனில் கட்டிவிடலாம், கல்லூரியில் இப்போதே விசாரித்து வைக்கிறேன் என்றேன்.

அந்தப் பக்கம் விடுதியில் டிவி சத்தம், பெண்கள் பேசும் சத்தம்.

"டிரையருக்கு நம்ம பங்கா முன்பணம் கேப்பாங்கல்லம்மா?"

கேட்கிறார்கள்தான். நான் அதை அவளிடம் சொல்லவில்லை, அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. அதை வேறு எங்காவது புரட்டிக்கொள்கிறேன் என்றேன்.

"அதுக்கே கட்டிடும்மா. என்னை இங்க லைன் லீடர் ஆக்கப்போறாங்க. நான் வரல."

இந்த வருஷம் மட்டும்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றாளா, இல்லை சும்மா ம் என்றாளா, சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. பொங்கலுக்கு வருகிறாயா என்றதற்கு, அன்றைக்கு வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளம் என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. யாரோ லாட்ஜில் அறை கேட்கிறவர்களிடம் பேசுவது மாதிரி அவ்வளவு மரியாதையாகப் பேசினாள். என்னை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

இரட்டைச் சம்பளம் என்றால் விடக்கூடாதுதான்.

டிசம்பர் 20

முன்பணம் கட்டினேன். ஒரு லட்சமும் வட்டியும் சரியாக இருந்தது.

ஜனவரி 13

டிரையர் வந்துவிட்டது. நான்கு பேர் இறக்கினார்கள். எவர்சில்வர் வாய், கண்ணாடிக் கதவு, ஆள் உயரம். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நசீர் பாய்க்கு இரண்டு தடவை போன் போட்டேன், பண்டிகை நேரம், வேலையாக இருப்பார். முதல் தவணை பிப்ரவரி ஐந்து. அதற்குள் வந்துவிடுவார்.

பொருத்த வந்த மெக்கானிக் நல்ல பையன், சேலத்துக்காரன். கரண்ட் கொடுத்து, பொத்தான்களைச் சொல்லிக்கொடுத்தான். ஓட்டிக் காட்டுகிறேன், நனைந்த துணி ஏதாவது போடுங்கம்மா என்றான்.

நனைந்த துணி இல்லை. கொடியில், தொட்டியில், கூடையில் எதிலும் இல்லை. அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தான். உள் அறைக்குப் போய் மோனிஷாவின் கட்டிலில் விரித்திருந்ததை உருவினேன். அவள் போன நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை, மடிப்புகூடக் கலையாமல் இருந்தது. குழாயடியில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்றே ஒன்றுதானா என்றான். இப்போதைக்கு என்றேன்.

கண்ணாடிக்குள் அது எழும்பி எழும்பி விழுந்தது. அவ்வளவு பெரிய வயிற்றுக்குள் ஒற்றைத் துணி. பத்தே நிமிஷத்தில் நின்றது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது, துணி அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி சுட்டது. பாருங்கம்மா, சொட்டு ஈரம் இல்லை என்று பையன் என் கையில் கொடுத்தான். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

சூடு ஆறுவதற்குள் கட்டிலில் விரித்துவிட்டேன். ஓரங்களை இழுத்துச் செருகினேன். அப்புறம் செய்ய ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.